ஒரு காம்பவுண்டா, இரண்டு காம்பவுண்டா?

1

நாளைக் காலையில் கொத்தனார் வருகிறார். செங்கல் வந்து இறங்கிவிட்டது. எங்கள் மனைக்குச் சொந்தக்காரர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். அவர் எங்கோ இடித்த பழைய கிடங்கின் கல்லை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வாசலில் குவிந்து கிடக்கிறது. கோழிகள் அதன்மேல் ஏறி நின்று, தங்களுக்கென்று யாரோ மேடை போட்டுக் கொடுத்தது போலக் கொக்கரிக்கின்றன. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மீரா நானாவின் வீட்டுக்கும் நடுவே சுவர் எழும்பப்போகிறது. எழும்பட்டுமா வேண்டாமா என்று எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கா, ஒரு மண்ணும் புரியவில்லை.

ஊரில் இதைப் படிக்கிற நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. "கப்பலேறிப் பினாங்குக்குப் போனவன், இத்தனை வருஷம் கழித்துப் பேனாவைப் பிடிக்கிறான், துறைமுகம், மோட்டார் வண்டி, வெள்ளைக்கார துரைமார் என்று நாலு விஷயம் சொல்வான் என்று பார்த்தால், வீட்டுச் சுவருக்கு அழுகிறானே!" ஆமாம் ஐயா, அழத்தான் செய்கிறேன். துறைமுகம் பற்றி எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

நான் பினாங் வீதியில் ஒரு டிஸ்பென்ஸரியில் மருந்து கலக்குகிறேன். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் நடத்துவது. இந்த நாட்டில் என்னைப் போன்றவனை டிரெஸர் என்பதுதான் வழக்கம். நம் ஜனங்கள் விடுவார்களா? ஊரில் பழகிய வாயாலே கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டார்கள். இங்கே நான் கம்பவுண்டர், என் மனைவி கம்பவுண்டரம்மா, என் மகள் கம்பவுண்டர் மகள். அந்த வார்த்தைதான் எனக்குச் சோறு போட்டது. இப்போது அதே வார்த்தைதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

2

சுங்கை பினாங்கில், ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரே மனையில் இரண்டு பலகை வீடுகள். அத்தாப்பு ஓலைக் கூரை. நடுவில் ஒரு கிணறு, ஒரு ரம்புத்தான் மரம், துணி காயப்போடும் கொடி. வேலி என்று ஒரு குச்சி கிடையாது. கொடியில் எங்கள் சேலை எது, அவர்கள் கைலி எது என்று காற்றடித்தால் தெரியாது.

மீரா நானா நாகூர்க்காரர், என்னைவிட மூத்தவர். நானா என்றால் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் வாயில் அண்ணன் என்று அர்த்தம். மலாய்க்காரர்கள் தலையில் வைக்கிற வெல்வெட்டுத் தொப்பி, சொங்கோக், அதைத் தைப்பது அவர் தொழில். வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவார். அதனால்தானோ என்னவோ அளந்துதான் பேசுவார். அவர் மனைவி ரஹ்மத்து இங்கேயே பிறந்தவள். தமிழில் ஆரம்பித்து மலாயில் முடிப்பாள். அவளுக்கு அளவெல்லாம் கிடையாது, காலையில் வாயைத் திறந்தால் விளக்கு வைக்கும்போதுதான் மூடுவாள்.

என் மனைவி ஆரோக்கியத்துக்குப் பிலோமினா பிறந்தபோது பால் சுரக்கவில்லை. அப்போது ரஹ்மத்துக்கும் கைக்குழந்தை. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் இவள் என்று போட்டுக்கொண்டு இரண்டுக்கும் பால் கொடுத்தாள். அவன் இப்போது சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கிறான். பிலோமினாவுக்கு ரஹ்மத்து சாச்சி, அதாவது சின்னம்மா. "எம் பால் குடிச்ச புள்ள, எங்க மார்க்கப்படி எனக்கும் மவதான்லா, கம்பவுண்டர் அண்ணே" என்று என்னிடமே உரிமை பேசுவாள்.

இங்கே சில ஏற்பாடுகள் உண்டு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல. வெள்ளிக்கிழமை எங்களுக்கு மாமிசம் ஆகாது என்று ரஹ்மத்துக்குத் தெரியும், அன்றைக்கு அவள் வீட்டிலிருந்து மீன்தான் வரும். கிறிஸ்துமஸுக்குக்கூட எங்கள் அடுப்பில் பன்றி ஏறியதில்லை. அப்புறம் பாத்திரம். அந்த வீட்டிலிருந்து கிண்ணம் வந்தால் இந்த வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஒன்றுமே இல்லாத நாளில் ஆரோக்கியம் ஒரு துண்டு வெல்லத்தைப் பாதியாக உடைத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். வெறும் பாத்திரத்தை நீட்டுவது கோபித்துக்கொண்டவர்கள் செய்கிற காரியம். தட்டு, கிண்ணம், தூக்கு, போத்தல் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான்.

போத்தல் என்று இப்போது சொன்னேனே, அங்கேதான் வினை வந்தது. அதைச் சொல்லும் முன்னால் இந்தக் காம்பவுண்டு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

3

பிலோமினா கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ஜெபம் இங்கிலீஷில், சாச்சியோடு அரட்டை மலாயில், எங்களோடு சண்டை மட்டும் தமிழில். தமிழ் பிழைத்திருக்கட்டும் என்று நானும் அடிக்கடி சண்டைக்கு இழுக்கிறேன்.

ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். 'எங்கள் காம்பவுண்டு' என்று ஒரு வியாசம் எழுதிக்கொண்டு வரும்படி மதர் சொல்லியிருக்கிறாராம்.

"எழுதேன், என்ன கஷ்டம்?" என்றேன்.

"எதப் பத்தி எழுதறது? நமக்குத்தான் காம்பவுண்டே இல்லையே!"

"பின்னே வாசல்ல இருக்கிறது என்ன?"

"அது கம்போங். சுவர் இருக்கணும், கேட் இருக்கணும், அப்பத்தான் காம்பவுண்டு. என் கிளாஸ்ல எல்லார் வீட்லயும் இருக்கு. நம்ம வீட்டுக்கு யாரையாவது கூட்டிட்டு வந்தா, எது நம்ம இடம், எது சாச்சி இடம்னு காட்டக்கூட முடியாது."

"அடியே, உங்கப்பனே கம்பவுண்டர். எனக்கே காம்பவுண்டு சொல்லித் தர்றியா?"

சிரித்துவிட்டாள். ஆனால் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அந்தப் பேரைச் சுமக்கிறேன், அது எங்கே பிறந்தது, என்ன ஜாதகம் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லையே! மறுநாள் கூட்டம் குறைந்த வேளையில் டாக்டரின் மேஜைமேல் இருக்கும் பெரிய அகராதியைப் புரட்டினேன். புரட்டாமலே இருந்திருக்கலாம்.

காம்பவுண்டு என்றால் சேர்த்து வைப்பது, கலப்பது என்று முதலில் போட்டிருந்தது. லத்தீனில் இருந்து வந்ததாம். எனக்குப் பரம சந்தோஷம். எங்கள் பூசை பாஷை! சுவாமியார் கோவிலில் சொல்கிற மந்திரத்துக்கும் நான் கலக்குகிற இருமல் மருந்துக்கும் ஏதோ சொந்தம் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நிமிர்த்தியது அடுத்த வரி வரைக்கும்தான். எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் அதுவும் காம்பவுண்டாம். துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்தவனின் காலை அப்படி நான் பார்த்திருக்கிறேன், அதில் எது எதோடு சேர்ந்தது? செட்டியார் கிட்டங்கியில் வட்டி குட்டி போடுகிறதே, அதுவும் காம்பவுண்டு. இரண்டு வாக்கியத்தை 'அண்டு' போட்டு முடிச்சுப் போட்டால் பிலோமினாவின் இலக்கணப் புத்தகத்தில் அதுவும் காம்பவுண்டு. கோர்ட்டுக்குப் போகவேண்டிய குற்றத்தை, போகாமலே, இரண்டு பேரும் ராஜியாகி முடித்துக்கொண்டால் அதற்கும் இதே பேர்தான். மருந்து, எலும்பு, வட்டி, வாக்கியம், வழக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படித்தான் ராஜ்ஜியம் ஆள்கிறார்களோ!

அதற்குக் கீழே, தனியாக, அதே எழுத்தில் இன்னொரு காம்பவுண்டு. வீட்டைச் சுற்றி வளைத்த இடம். இது லத்தீன் இல்லையாம். மலாய்க்காரர்கள் குடியிருப்புக்குச் சொல்கிற கம்போங் என்ற சொல்லில் இருந்து வந்திருக்கலாம் என்று போட்டிருந்தது. 'வந்திருக்கலாம்' என்றுதான் போட்டிருந்தது. அகராதிக்கே நிச்சயமில்லை.

டாக்டரைக் கேட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சிலபேர் போர்த்துகீசு எண்டு சொல்லுகினம், சிலபேர் மலாய் எண்டு சொல்லுகினம். ஆருக்குத் தெரியும்? நீர் போய் அந்தக் குயினைன் மிக்ஸரைக் கலவும்" என்றார்.

கலந்துகொண்டே யோசித்தேன். கம்போங் என்ற சொல் இந்தப் பக்கத்திலே பிறந்திருக்கிறது. எவனோ வெள்ளைக்காரன் அதை வாயில் போட்டுக்கொண்டு சென்னைப் பட்டணத்துக்குப் போயிருக்கிறான். அங்கே பங்களா, தோட்டம், சுவர், கேட் எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு காம்பவுண்டு ஆகியிருக்கிறது. நான் அதை நம் ஊர்ச் சொல் என்று நினைத்து, துணிமூட்டையோடு கப்பலில் ஏற்றிக்கொண்டு திரும்ப இங்கேயே வந்து இறக்கியிருக்கிறேன். அது பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, வீட்டுக்காரர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருநாள் நானும் நாகப்பட்டினத்தில் போய் இறங்கினால் இந்தக் கதிதானா?

சாயங்காலம் கிணற்றடியில் ரஹ்மத்திடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அட, நம்ம கம்போங்தான்லா அண்ணே! வெள்ளக்காரன் வாயில போட்டு மென்னுட்டான். இதுக்குப் போயி புஸ்தகம் பாத்தீங்களாக்கும்!"

அவளுக்குச் சுலபமாக இருந்தது. எனக்குத்தான் அன்றிலிருந்து குழப்பம். ஒரு காம்பவுண்டு, கல என்கிறது. இன்னொன்று, வளைத்துப் போடு என்கிறது. சத்தம் ஒன்று, எழுத்து ஒன்று, ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான் இதில் எதில் குடியிருக்கிறேன்?

4

இனி போத்தல்.

திரவ மருந்தை நாங்கள் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும்போது, ஒரு காகிதத்தை நீளமாக மடித்து, ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, போத்தலின் பக்கத்தில் பசை தடவி ஒட்டுவோம். ஒரு வேளைக்கு ஒரு பல். எழுத்து வாசிக்காதவர்களும் ஒரு பல் குறைகிறவரைக்கும் குடித்துவிட்டு வைப்பார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு, என் பல் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசப்படாது.

மீரா நானாவுக்கு இருமல். எங்கள் வீட்டில் மிச்சமிருந்த இருமல் மருந்தைப் போத்தலோடு ஆரோக்கியம் கொடுத்தனுப்பினாள். அவர் குடித்துக் குணமானார். போத்தல் காலியானது. காலிப் போத்தலை ரஹ்மத்து எப்படித் திருப்பிக் கொடுப்பாள்? ஆரோக்கியத்துக்கு முழங்கால் வலி. ரஹ்மத்து தேங்காய் எண்ணெயில் கிராம்பைப் பொரித்து, நிறையக் கற்பூரம் கரைத்து, ஒரு தேய்ப்பு எண்ணெய் காய்ச்சுவாள். போத்தலைக் கழுவி, அதில் அந்த எண்ணெயை நிரப்பிக் கொண்டுவந்தாள். கழுவியும் பல் வெட்டிய காகிதம் போகவில்லை, என் பசை அப்படி. ஆரோக்கியம் கோவிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. எப்போதும் வைக்கிற மாதிரி அடுக்களை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

பிலோமினா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அவளுக்குச் சளி, மூக்கு அடைத்து வாயால்தான் மூச்சு. ஜன்னலில் பழுப்பு நிறத்தில் போத்தல், பக்கத்தில் அப்பா வெட்டிய பல். அப்பா இருமல் மருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள். கம்பவுண்டர் மகள் ஆயிற்றே, மருந்துக்குப் பயப்படுவாளா? ஒரே மடக்கு. தொண்டை எரிந்ததும் பாதியைத் துப்பிவிட்டாள். அந்தப் பாதிதான் எனக்கு மகளை மிச்சம் வைத்தது.

கற்பூரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன், ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது. உடம்பில் தேய்த்தால் மருந்து. உள்ளே போனால் விஷம். பிள்ளைகளுக்கு வலிப்பு வந்துவிடும்.

பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டு ரஹ்மத்துதான் ஓடியிருக்கிறாள். பிள்ளை தரையில் வெட்டி வெட்டி இழுக்கிறது. குனிந்து வாயை முகர்ந்திருக்கிறாள். அவள் காய்ச்சிய எண்ணெய், அவளுக்குத் தெரியாத வாசனையா? தலையில் முக்காடு இல்லாமல் முற்றத்துக்குக்கூட வராதவள், பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடி, எதிரே வந்த ரிக்ஷாவை நிறுத்தி ஏறியிருக்கிறாள்.

நான் டிஸ்பென்ஸரியில் மாத்திரை உருட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ரஹ்மத்து, தலைவிரி கோலம். தோளில் என் மகள்.

"அண்ணே, என் எண்ணெ! கற்பூரம்! என் எண்ணெயக் குடிச்சிருச்சி அண்ணே, என் எண்ணெ!"

வேறு ஒருத்தியாக இருந்தால் பயத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டாள், என்னமோ தெரியவில்லை, கிடந்தது, தூக்கி வந்தேன் என்றிருப்பாள். இவள் வாசலிலேயே சொல்லிவிட்டதால் டாக்டருக்கு ஒரு நிமிஷம்கூட வீணாகவில்லை. வலிப்பு அடங்க குளோரோபார்ம் காட்டி, குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். குழாயை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேருக்குப் பிடித்திருக்கிறேன். அன்றைக்கு மாதாவே மாதாவே என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே பிடித்தேன். டாக்டர் அதட்டவில்லை.

பிழைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் தலையைத் தூக்க முடியாமல் கிடந்து, பிறகு எழுந்து கஞ்சி கேட்டாள்.

இதில் யார்மேல் குற்றம்? நானும் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். எண்ணெய் காய்ச்சியவளா, போத்தல் கொடுத்தவளா, பல் வெட்டிய நானா, வெறும் போத்தலைத் திருப்பக் கூடாது என்ற வழக்கமா? ஊரில் என்றால் இதற்குள் பஞ்சாயத்து கூடி யாராவது ஒருத்தர் தலையில் கட்டியிருப்பார்கள். இங்கே பஞ்சாயத்துக்கு ஆளில்லை. நாமேதான் அடித்துக்கொள்ள வேண்டும், நாமேதான் விலக்கிவிட வேண்டும்.

5

ஆரோக்கியம் ரஹ்மத்தை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "அவ என்ன செய்வா பாவம், எம் முழங்காலுக்குன்னு ஆசையாக் கொண்டாந்தா. தூக்கிட்டு ஓடினதும் அவதானே" என்றாள். உள்ளத்தில் இருந்துதான் சொன்னாள். என் மனைவி நடிக்கத் தெரியாதவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரஹ்மத்து வழக்கம் போல மீனாணம், நம் வாயில் மீன் குழம்பு, கொண்டுவந்து பின்வாசலில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். நான் வீட்டில்தான் இருந்தேன். ஆரோக்கியம் கிண்ணத்தை வாங்கினாள், மூடியைத் திறந்தாள், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். ஒரு தடவை இல்லை. இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இழுத்து முகர்ந்தாள். கிணற்றடியில் வாளியும் கையுமாக ரஹ்மத்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு நான் கேட்டபோது ஆரோக்கியத்துக்கு முகம் செத்துவிட்டது. "நான் மோந்தேனா? எப்ப?" சத்தியமாக அவளுக்கே தெரியவில்லை. கை தானாகச் செய்திருக்கிறது. "அவ பாத்தாளா? நல்லாப் பாத்தாளா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். பார்த்தாள் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.

அதோடு நின்றது. அந்த வீட்டிலிருந்து கிண்ணம் வரவில்லை. ஆரோக்கியம் கொடுத்தனுப்பியதை மீரா நானா வாங்கிக்கொண்டார், ரஹ்மத்து வெளியே வரவில்லை. அவள் சத்தமில்லாமல் இந்த மனையில் எத்தனை அமைதி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நாசமாய்ப் போன அமைதி.

ஒரு சாயங்காலம் மீரா நானா வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு வாயில் ஊசி இல்லை.

"தம்பி, நடுவுல ஒரு சுவர் வெச்சிரலாம். தவுக்கேகிட்ட பேசிட்டேன், கல்லு அவரே தர்றாராம்."

"சுவரா? யாருக்கு நானா சுவர்? நாங்க ஏதாச்சும் சொன்னோமா?"

"நீங்க சொல்லல. அவதான் கேக்குறா. அவளுக்குக் கை நடுங்குது தம்பி. கறிக்கு உப்புப் போடுறப்பவும் மோந்து பாத்துட்டுத்தான் போடுறா. எனக்குச் சோறு வெக்கிறப்பவும் மோக்குறா. புள்ள மூஞ்சியத் தெனம் பாக்க முடியலங்குறா. கண்ணுக்கு மறைவா இருந்தா சரியாப் போவும்னு நெனைக்கிறா."

சுவர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் பிலோமினா. இப்போது அவள், "எனக்கு வேண்டாம்ப்பா, சாச்சிய வரச் சொல்லுங்க" என்று தேம்புகிறாள். பாதிக்கப்பட்ட எங்களுக்குச் சுவர் வேண்டாம். காப்பாற்றிய வீட்டுக்கு வேண்டும். உலகத்தில் எங்காவது இப்படிச் சுவர் எழும்பியதுண்டா?

சரி, அனுமதியாவது கேட்டு வைப்போம் என்று முனிசிபல் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா நம் ஆள்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் தமிழ் மறந்துவிட்டவர். என் மனுவைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் கேட்டார்: "ஒரு காம்பவுண்டா, இரண்டு காம்பவுண்டா?"

"இப்போதைக்கு ஒன்று."

"சுவர் வைத்த பிறகு?"

"அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

ஒன்று என்றால் நடுவில் சுவர் எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டுமாம். இரண்டு என்றால் தனித்தனி வாசல், தனித்தனி சாக்கடை, தனித்தனி வரி, கிணறு யார் பேரில் என்றும் எழுத வேண்டுமாம். காரணம் என்ன எழுதுவது? என் மனைவி ஒரு கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள் என்றா? அவருக்குக் கடைசியில் தமிழ் ஞாபகம் வந்தது. "நல்லா யோசிச்சிட்டு வாங்கண்ணே" என்று மனுவைத் திருப்பி நீட்டினார்.

மனு திரும்பிவிட்டது, கல் திரும்பவில்லை. மீரா நானா கொத்தனாருக்கும் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து மனைகளில் எல்லாரும் கட்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

6

மேலே உள்ளதைக் கொத்தனார் வருவதற்கு முன்னால் எழுதி நிறுத்தினேன். இனி எழுதுவது அவர் வந்து போன பிறகு.

விடிந்ததும் வந்துவிட்டார். கட்டை விரல் தடிமனில் ஒரு முளையை என் கையில் கொடுத்து, நூல் கயிற்றின் ஒரு முனையை என்னையும் இன்னொரு முனையை மீரா நானாவையும் பிடிக்கச் சொன்னார். இரண்டு கிழட்டுக் கழுதைகள் முற்றத்தின் இரண்டு கோடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கயிறு நேரே கிணற்றின் வாய்மேல் போயிற்று.

"கெணத்து மேலயே சுவர ஏத்திடலாம்ண்ணே. ஆளுக்குப் பாதி வாய், ஆளுக்கு ஒரு ராட்டினம்" என்றார் கொத்தனார். "எங்கூர்ல பாகம் பிரிச்சா அப்படித்தான் செய்வோம்."

பாகம் பிரிக்க நாங்கள் என்ன அண்ணன் தம்பிகளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நானாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லமாட்டாரா என்று எனக்கு, நான் சொல்லமாட்டேனா என்று அவருக்கு. ரஹ்மத்து தன் அடுக்களை வாசலில் குந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

"இழுத்துக் கட்டட்டுங்களா?" என்றார் கொத்தனார்.

அப்போது ஆரோக்கியம் வெளியே வந்தாள். முடியைக்கூட முடியவில்லை. எங்களைப் பார்க்கவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள். ரஹ்மத்தையும் தாண்டி அவள் அடுக்களைக்குள் போனாள்.

"அக்கா?" என்றாள் ரஹ்மத்து. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன்.

கதவு திறந்துதான் இருந்தது. ஆரோக்கியம் தட்டை எடுத்தாள். பானையைத் திறந்து ராத்திரிச் சோற்றை அள்ளினாள், சட்டியிலிருந்து மீனாணத்தை மேலே ஊற்றினாள். அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிசைந்து, வாய் நிறையப் போட்டுக்கொண்டாள். இரண்டாவது கவளம், மூன்றாவது கவளம். நின்று நிதானித்தால் கை மறுபடியும் மூக்குக்குப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம், எனக்குத் தெரியும். கண்ணீர் ஒழுகுகிறது, துடைக்காமல் தின்கிறாள்.

"எனக்குப் பசிக்குதுடீ ரஹ்மத்து" என்றாள் வாயில் சோற்றோடு. பிறகு வெளியே பார்த்து, "பிலோமினா! இங்க வா, சாச்சி வீட்ல சோறு இருக்கு!" என்று கத்தினாள்.

பிள்ளை என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பள்ளிக்கூட உடுப்போடு ஓடினாள். கயிறு காலில் மாட்டி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. கொத்தனார் ஏதோ சொன்னார், நான் காதில் வாங்கவில்லை.

ரஹ்மத்து அரிசித் தண்ணீரில் கையை விட்டபடி அசையாமல் இருந்தாள். ஆரோக்கியம் பிலோமினாவுக்கும் ஒரு தட்டில் போட்டு முன்னால் தள்ளினாள். பிள்ளை மீனில் கையை வைத்தது.

"இரு, இரு, வைக்காதே!" என்று ரஹ்மத்து எழுந்தாள். "அது முள்ளு மீனுலா, தொண்டையில குத்திரும்!"

கையை உதறிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து, மீனைப் பிட்டு, ஒவ்வொரு முள்ளாகத் தேடி எடுத்தாள். விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். சோற்றோடு சேர்த்து உருட்டி, தன் கையாலேயே பிள்ளை வாயருகே கொண்டுபோனாள். மீரா நானா சொன்னது உண்மைதான், அந்தக் கை நடுங்கியது.

பிலோமினா வாயைத் திறந்தாள்.